சிவகிரிச் சாலையின் புகையும் ஒரு சொட்டு டீசலும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ராஜபாளையம் தாண்டிச் சிவகிரிக்குள் புகுந்து, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது. கேரளத்துக்குக் காய்கறியும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு இதுதான் வழி. முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்து, இப்போது தென்காசி மாவட்டத்தில் தனி வட்டமாக இருக்கும் சிவகிரியின் மேற்கே மலை. மலைக்கும் சாலைக்கும் இடையே நெல்லும் கரும்பும் தென்னையும். அந்த வயல்களில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. மின் இணைப்பு எட்டாத கிணற்றில் இன்னமும் ஆயில் இன்ஜின் இறைக்கிறது. இருபது முப்பது ஆண்டு வயது வித்தியாசம் உள்ள டீசல் இன்ஜின்கள் ஒரே ஊரில் அருகருகே ஓடுவதை இங்கே பார்க்கலாம். பாரத் ஸ்டேஜ்-6 (பி.எஸ்-6) மாசு விதிப்படி வந்த புதிய லாரி மேட்டில் ஏறும்போதும் அதன் சைலன்சரில் புகை தெரிவதில்லை. பக்கத்து வயலில் சேறு உழும் டிராக்டர் கரும்புகை கக்குகிறது. இரண்டிலும் ஊற்றியது ஒரே பங்கில் பிடித்த ஒரே டீசல்.

இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, டீசலை இன்ஜினுக்குள் செலுத்தும் முறையில் இருக்கிறது. செலுத்தும் முறையைத் திருத்தினால் புகை எவ்வளவு குறையும், எந்த இடத்துக்கு மேல் குறையாது, நம் ஊர்ப்பக்கம் உடனே செய்யக்கூடியது எது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இது வண்டிக்காரர்களின் செலவுக் கணக்கோடு முடிகிற விஷயமல்ல. சாலையோர டீக்கடையில் நாள் முழுதும் நிற்பவருக்கும், உழுகிற டிராக்டரின் இருக்கையில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் அளவைப் பார்ப்போம். மூன்று சிலிண்டர் கொண்ட 40 குதிரைத்திறன் டிராக்டர் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 8 லிட்டர் டீசல் குடிக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 முறை டீசல் பாய வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு வருவது 44 கன மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டைச் சுமார் 2 மில்லி விநாடிக்குள், தலைமுடி இரண்டு மூன்று சேர்ந்த பருமனுள்ள துளைகள் வழியாகச் செலுத்தி, பொடியாக்கி, ஆவியாக்கி, காற்றோடு கலந்து எரித்து முடிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் கலக்க நேரம் கிடைக்கிறது. டீசலுக்கு அது கிடையாது. கலப்பதும் எரிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டீசலின் எல்லா அழுக்கும் அந்த அவசரத்திலிருந்துதான் பிறக்கிறது.

அழுக்கு முக்கியமாக இரண்டு வகை. டீசல் செறிந்து காற்று போதாத இடத்தில் சூடு மட்டும் இருந்தால் எரிபொருள் கரியாகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் கரும்புகை அதுதான். காற்று தாராளமாக இருந்து சூடும் மிகுந்தால், காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. அவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நுரையீரலை அரிக்கும், வெயிலில் ஓசோனை உண்டாக்கும். கரியைக் குறைக்க நன்றாக எரிக்க வேண்டும். நன்றாக எரித்தால் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைத் தணித்தால் கரி கூடும். டீசல் மாசைக் குறைக்கும் ஆய்வு பெரும்பாலும் இந்த இழுபறிக்குள்தான் நடந்திருக்கிறது. ஜப்பானில் கமிமோட்டோவும் பேயும் 1988-இல் இந்த இரண்டு ஆபத்துப் பகுதிகளையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் காட்டினார்கள்: எந்தச் செறிவில், எந்த வெப்பத்தில் கரி பிறக்கும், எங்கே நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கும் என்று. 1997-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக், எரியும் டீசல் தாரைக்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, கரி தாரையின் உள்வயிற்றிலும் நைட்ரஜன் ஆக்சைடு அதன் வெளி விளிம்புச் சுடரிலும் உருவாவதைப் படமாக விளக்கினார். அதற்குப் பின் வந்த, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வடிவமைப்பு எல்லாமே, அந்தத் தாரைக்குள் காற்றை எவ்வளவு சீக்கிரம் இழுத்துவர முடியும் என்ற கேள்வியைச் சுற்றித்தான்.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இன்ஜினை ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளை உள்ளே ஊதித் தள்ள அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் தேவைப்பட்டதால் டீசல் இன்ஜின் கப்பலிலும் மின்நிலையத்திலும் நின்றுபோனது. அதை லாரிக்குள் கொண்டுவந்தது ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பம்பு. 1922-இல் தொடங்கிய வேலை. 1927-இல் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. அதே பாஷின் இந்தியக் கிளையாக 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, நம் மெக்கானிக்குகளின் பேச்சில் பம்புக்கே பெயராகிவிட்டது. இன்றும் பழைய லாரியைப் பிரிப்பவர் 'மைக்கோ பம்பு' என்றுதான் சொல்வார். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே மண்ணூரில் டெல்ஃபி-டிவிஎஸ் ஆலை சுழல் பம்புகளில் தொடங்கி, கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் முறை வரை வந்தது.

அந்த மெக்கானிக்கல் பம்பின் பெருமையும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்குள் ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அவ்வளவு நுட்பமான பொருள், எந்த மின்னணுவும் இல்லாமல், பட்டிக்காட்டு மெக்கானிக்கின் கையிலும் உயிர் பிழைத்தது. ஆனால் பிளஞ்சரைத் தள்ளுவது இன்ஜினே சுழற்றும் கேம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அழுத்தம் கூடும். மெதுவாகச் சுற்றினால் குறையும். குழாயின் வாயை விரலால் அழுத்தினால்தான் தண்ணீர் பூவாகச் சிதறும். அழுத்தம் இல்லாவிட்டால் கோடாக ஒழுகும். டீசலும் அப்படியே. ஆக எந்த நேரத்தில் பொடித்துளி அதிகம் தேவையோ, அதாவது குறைந்த வேகத்தில் முழுப் பாரத்தை இழுக்கும்போது, அப்போதுதான் இந்தப் பம்பு பலவீனமாக இருக்கிறது. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரி முதல் கியரில் ஏறும்போது அடிக்கும் புகைக்கும், சேற்றில் புதைந்து இழுக்கும் டிராக்டரின் புகைக்கும் காரணம் இதுவே. ஓட்டுநரையோ வண்டியையோ திட்டிப் பயனில்லை.

அடுத்தது நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பே டீசல் பாயத் தொடங்கும். அந்த டைமிங்கை ஓரிரு டிகிரி பின்தள்ளினால் எரிதல் தாமதமாகும், உச்ச வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். பதிலுக்குக் கரியும் டீசல் செலவும் கூடும். முன்தள்ளினால் மைலேஜ் கிடைக்கும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். புதிய கருவி எதுவும் இல்லாமல் மாசைக் குறைக்கும் வழியும் இதுதான், ஏமாற்றும் வழியும் இதுதான். சோதனையின்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டிய வோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் மோசடி 2015-இல் வெளிவந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1998-இல், கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உள்ளிட்ட ஏழு இன்ஜின் நிறுவனங்கள் அமெரிக்க அரசுடன் நூறு கோடி டாலர் அளவிலான ஒப்பந்தத்துக்கு வந்தன. அரசின் குற்றச்சாட்டு இது: சோதனையின்போது டைமிங்கை ஒழுங்காக வைத்து, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கணினி அதை முன்தள்ளி மைலேஜைக் கூட்டியது, சுமார் 13 லட்சம் இன்ஜின்களில் இப்படி நடந்தது. செலுத்தும் நேரத்தைக் கணினியிடம் கொடுத்த அன்றே, அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் அரசுக்கு வந்துவிட்டது என்பதே இந்த இரண்டு வழக்குகளிலும் எனக்குப் புலப்படும் செய்தி.

காமன் ரெயில் வந்ததும் அழுத்தத்துக்கும் இன்ஜின் வேகத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. பம்பு ஒரு தடித்த குழாயில் டீசலை எப்போதும் உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டரும் கணினி சொல்லும் நொடியில் திறந்து மூடும். ஜப்பானில் டென்சோ 1995-இல் ஹினோ லாரியில் இதைக் கொண்டுவந்தது. 1997-இல் ஃபியட் குழுமத்தின் ஆய்வில் பிறந்து பாஷ் உற்பத்தி செய்த அமைப்பு ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 1350 பார் அழுத்தத்தோடு வந்தது. இன்று 2000 பாரைத் தாண்டி 2500 வரை போகிறது. அழுத்தம் ஏறினால் துளையைச் சிறிதாக்கலாம். துளை சிறிதானால் துளி நுண்ணியதாகும், கரி குறையும்.

அழுத்தத்தைவிட முக்கியமான வரவு, ஒரே சுற்றில் பல முறை செலுத்தும் வசதி. முதலில் ஓரிரு மில்லிகிராம் முன்தூறல். அது எரிந்து அறையைப் பக்குவப்படுத்தியதும் முதன்மைத் தாரை. அதனால் டீசலின் அந்தத் தடதடச் சத்தம் அடங்குகிறது, முதல் வெடிப்பில் எகிறும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. முதன்மைத் தாரைக்குப் பின் சிறிய பின்தூறல் ஒன்று, மிச்சக் கரியைக் கிளறி எரிக்கிறது. இன்னும் தாமதமாக ஒன்று செலுத்தினால், அது சிலிண்டரில் வேலை செய்யாமல் புகையின் வெப்பத்தை ஏற்றி, புகைக்குழாயில் உள்ள கரிவடிகட்டியில் சேர்ந்ததைச் சுமார் 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்ய உதவுகிறது. பல ஆய்வுகளைப் படித்தபின் என் முடிவு: காமன் ரெயிலின் தனி இயல்பு அதன் அழுத்தத்தில் இல்லை, இந்தப் பகுத்துக் கொடுக்கும் சுதந்திரத்தில் இருக்கிறது.

அப்படியானால் செலுத்தும் முறை ஒன்றே போதுமா? லாரிகளுக்கான இந்திய விதிகளின் எண்களே பதில் சொல்கின்றன. 2000-ஆம் ஆண்டு விதியில், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.36 கிராம் கரித்துகள், 8 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதி. பி.எஸ்-3-இல் 0.10, 5. பி.எஸ்-4-இல் 0.02, 3.5. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6-இல் 0.01, 0.46. பி.எஸ்-3 வரை பம்பும், இன்ஜெக்டரின் முனையான நாசிலும், பிஸ்டன் குழியும் திருத்தியே சமாளிக்க முடிந்தது. பி.எஸ்-4-இல் பலர் காமன் ரெயிலுக்கும், புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசலுக்கும் (ஆட்ப்ளூ) போனார்கள். அசோக் லேலண்டு மட்டும் வேறு வழி பிடித்தது: பழகிய இன்லைன் பம்பையே வைத்துக்கொண்டு, புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே விடும் 'ஐ.இ.ஜி.ஆர்.' முறையில் விதியைத் தொட்டது. ஆட்ப்ளூ ஊற்ற வேண்டாம், ஊர் மெக்கானிக்கே பழுது பார்க்கலாம் என்பதால் லாரிக்காரர்கள் அதை வரவேற்றார்கள். நம் நாட்டின் பழுதுபார்க்கும் கைகளை மதித்த பொறியியல் என்று அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பி.எஸ்-6 வந்ததும் அந்த வழி அடைபட்டது. நைட்ரஜன் ஆக்சைடை ஏழில் ஒரு பங்காக்கவும், கரித்துகளை எடையால் மட்டுமன்றி எண்ணிக்கையாலும் கட்டுப்படுத்தவும் இன்ஜினுக்குள் செய்யும் எந்தத் திருத்தமும் போதவில்லை. அழுத்தம் கூடக் கூடக் கரியின் எடை குறைகிறதே தவிர, மிக நுண்ணிய துகள்கள் மிஞ்சுகின்றன. அவையே நுரையீரலின் ஆழத்துக்குப் போகின்றன. ஆகவே வடிகட்டியும் யூரியாவும் கட்டாயமாயின. செலுத்தும் முறை அவற்றுக்குத் துணைநிற்கும் இடத்துக்கு வந்தது.

எரிபொருளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பி.எஸ்-3 காலத்தில் டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு கந்தகம், பி.எஸ்-4-இல் 50, இப்போது 10. கந்தகம் இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிகள் கெடும் என்பதால் இது இன்றியமையாத திருத்தம். ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலின் இயற்கையான வழவழப்பையும் எடுத்துவிடுகிறது. பம்புக்கு மசகு டீசலேதான். வேறு எண்ணெய் அதன் பிளஞ்சருக்குப் போவதில்லை. அதனால் வழவழப்புக்கான சேர்க்கை கலக்கப்படுகிறது. கேனில் வாங்கி மாட்டுத்தொழுவத்தில் வைத்த டீசலில் சேரும் தண்ணீரும் தூசும், மண்ணெண்ணெய்க் கலப்படமும், பழைய பம்பைத் தேய்க்கும். காமன் ரெயில் இன்ஜெக்டரையோ ஒரேயடியாகக் கொன்றுவிடும். 2000-களில் காட்டாமணக்கு, புங்கம் எண்ணெய்களை டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம் என்று நம் கிராமங்களில் எழுந்த எதிர்பார்ப்பு பலருக்கு நினைவிருக்கும். பச்சை எண்ணெயை அப்படியே ஊற்றினால் அதன் கொழகொழப்பு டீசலைப்போல் பத்து மடங்கு. நாசிலில் பூப்பூவாகச் சிதறாமல் தாரையாகப் பாய்ந்து முனையில் கரி கட்டும். வேதிமுறையில் பயோடீசலாக்கிக் கலந்தால்தான் பயன்.

இனி ஊருக்கு வருவோம். டீசல் பம்பு சர்வீஸ் கடைகளில் நாசில் டெஸ்டர் என்று ஒன்று இருக்கும். கைப்பிடி, சிறு டீசல் தொட்டி, ஒரு அழுத்தமானி. கழற்றிய இன்ஜெக்டரை அதில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் முள் ஏறும். 200 பாரை ஒட்டி நாசில் திறக்க வேண்டும். நல்ல நாசில் 'கிர்ர்' என்று அதிர்ந்து, நான்கைந்து திசையில் மூடுபனி போல ஒரே சீராகத் தூவி, சட்டென்று நிற்கும், முனை உலர்ந்திருக்கும். தேய்ந்த நாசில் சத்தமில்லாமல் திறக்கும். ஒரு பக்கம் தடித்த கோடாக அடிக்கும். நின்றபிறகு முனையில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளிதான் எரிய நேரமில்லாமல் கரியாகவும் நாற்றமாகவும் வெளியே வருவது. (தூவலின் முன் கையை நீட்டக் கூடாது, அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க நேரிடும்.) தேய்ந்ததை மாற்றி, ஸ்பிரிங் அழுத்தம் சரிசெய்து, எல்லா நாசிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், பழைய இன்ஜினின் புகை கண்ணெதிரே இறங்கும். டீசலும் மிச்சமாகும்.

அதே கடையில் எதிர்த்திசை வேலையும் நடக்கிறது. "அண்ணாச்சி, மேடு இழுக்க மாட்டேங்குது, பம்பை லேசா ஏத்தி விடுங்க" என்று ஓட்டுநர் கேட்பார். ஒரு திருகைத் தளர்த்தினால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் டீசல் கூடும். இழுவையும் கூடும், உள்ளே போகும் காற்று மட்டும் கூடாது. டர்போ உள்ள லாரியில், காற்றழுத்தம் ஏறும்வரை டீசலைக் கட்டுப்படுத்தும் அமைப்பையும் சிலர் முடக்கிவிடுகிறார்கள். மிகைப் பாரம் ஏற்றச் சொல்லும் வாடகைப் பேரத்தை விட்டுவிட்டு, திருகைத் திருப்பிய மெக்கானிக்கை மட்டும் பிடிப்பது நியாயமல்ல. புதிய வண்டிகளில் ஆட்ப்ளூ செலவை மிச்சப்படுத்த சென்சாரை ஏமாற்றும் கருவி மாட்டுவதும் இதே வகைதான். இன்னும் கேடானது, ஏனென்றால் அந்த மாசு கண்ணுக்கே தெரியாது.

இவற்றைப் பிடிக்க வேண்டிய புகைப் பரிசோதனை பலவீனமானது. வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, புகையின் கருமையை அளக்கிறார்கள். பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு, பி.எஸ்-4-க்கு 50 வரம்பு. இன்ஜினுக்குப் பாரம் இல்லாத நிலையில், கருமை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. டைமிங்கை முன்தள்ளியவரும் யூரியாவை நிறுத்தியவரும் இந்தச் சோதனையில் நல்லபடியாகத் தேறிவிடுவார்கள்.

லாரியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சிவகிரி போன்ற விவசாய ஊரில் பெரிய இடைவெளி வயலில்தான் இருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான 'டிரெம்-4' விதி வந்தது. அவை பெரும்பாலும் காமன் ரெயிலுக்கு மாறின. ஆனால் நம் நாட்டில் விற்கும் டிராக்டர்களில் மிகப் பெரும்பான்மை அதற்குக் குறைந்த திறன் கொண்டவை. அவை 2010-இல் வந்த 'டிரெம்-3ஏ' விதியிலேயே, மெக்கானிக்கல் பம்போடு வந்துகொண்டிருந்தன. 25 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ள டிராக்டருக்கு அந்த விதி அனுமதிக்கும் கரித்துகள் கிலோவாட்-மணிக்கு 0.6 கிராம். சாலையில் போகும் பி.எஸ்-6 லாரிக்கு 0.01. சோதனை முறைகள் இரண்டுக்கும் வேறு என்றாலும், அறுபது மடங்கு வித்தியாசத்தை அது விளக்கிவிடாது.

காமன் ரெயில் வந்தால் சிறிய டிராக்டரின் விலை ஏறும், பழுது பார்க்கக் கணினி வேண்டும், இரண்டு ஏக்கர்க்காரர் எங்கே போவார் என்ற வாதம் உண்மையானது. அதை ஒதுக்கிவிட்டு எழுதும் சுற்றுச்சூழல் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விதியைத் தள்ளிப்போடுவது அதற்கு விடையல்ல. யூரியாவும் வடிகட்டியும் இல்லாத எளிய காமன் ரெயில் சிறிய இன்ஜினுக்குப் போதுமான அளவு உதவும். குறைந்த வேகத்தில் இழுக்கும்போது வரும் கரும்புகையைத்தான் அது முதலில் நிறுத்தும், டிராக்டர் நாள் முழுதும் செய்யும் வேலையும் அதுதான். இன்ஜின் ஆய்வுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸும் அண்ணா பல்கலைக்கழகமும், டிராக்டருக்கு டாஃபேயும், இன்ஜினுக்கு சிம்சனும், பம்புக்கு மண்ணூர் ஆலையும் ஒரே மாநிலத்தில் இருக்கும்போது, மலிவான சிறு காமன் ரெயிலை உருவாக்க வேறெந்த மாநிலத்தையும்விட நமக்கு வசதி அதிகம்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேளாண் பொறியியல் துறை ஏற்கெனவே டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடுகிறது. அதே துறை ஒவ்வொரு பருவமும் உழவு தொடங்குமுன், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி போன்ற ஊர்களில் நாசில் சோதனை முகாம் நடத்த வேண்டும். தேய்ந்த நாசிலுக்கு மானியம் தர வேண்டும். பம்பு மெக்கானிக்குகளுக்குக் காமன் ரெயில் பயிற்சி தர வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி கரும்புகை விட்டால், பம்பை ஏற்றச் சொல்லாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, டீசல் ஃபில்டரை மாற்றி, நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போடச் சொல்லுங்கள்.